காணாமல் போன முந்நூற்றுப் பத்து

வியாழக்கிழமை மத்தியானம் வில்ஃப்ரே என் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே வந்தார், கதவைச் சாத்தினார், ஜன்னலையும் சாத்தினார். வெளியே முப்பத்து நாலு டிகிரி வெயில். கரண்ட் இல்லை. அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்துகிற ஆள் ரகசியம் சொல்ல வந்திருக்க வேண்டும், இல்லை மூளை கலங்கியிருக்க வேண்டும்.

"மைலேன், செவ்வாய்க்கிழமை கெளம்பறேன்," என்றார்.

"எங்க, ஹவானாவுக்கா?"

"ஹவானாவுக்குப் போறதுக்கு ஜன்னலச் சாத்துவாங்களா? கயானா. அங்கேருந்து மேல. யார்கிட்டயும் மூச்சு விடாத. ஏறி உக்காந்து பெல்ட் போடற வரைக்கும் எதுவும் நிச்சயம் இல்ல."

எங்கள் ஊரில் அப்படித்தான். நாட்டை விட்டுப் போகிறவர்கள் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று ஒரு பயம். இன்று ரொட்டி வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பார், நாளைக்கு அவர் வீட்டுப் பூட்டு உங்களைப் பார்க்கும். அதற்கு மறுநாள் பக்கத்து வீட்டில் விசாரித்தால் "தெரியலையே" என்பார்கள். தெரியலையே என்றால் போய்விட்டார் என்று அர்த்தம்.

வில்ஃப்ரே போவதில் எனக்கு வருத்தம் இருந்தது. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதில் அந்த வருத்தம் எங்கே ஓடியது என்றே தெரியவில்லை.

"பொட்டலத்த நீ எடுத்துக்கறியா?"

பொட்டலம் என்றால் வாராவாரம் ஹவானாவிலிருந்து பஸ்ஸில் எங்கள் ஓல்கீனுக்கு வந்து இறங்குகிற ஹார்ட் டிஸ்க். அதில் எல்லாமே இருக்கும். படம், சீரியல், பாட்டு, புட்பால், போனுக்கான ஆப், பழைய வாஷிங் மெஷின் விற்பவர்களின் விளம்பரம் வரைக்கும். நெட் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் ஒரு படம் இறங்குவதற்குள் படத்தில் நடித்தவருக்கே வயதாகிவிடும். அதனால் சனிக்கிழமையானால் எங்கள் பேட்டையே பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு வில்ஃப்ரே வீட்டுக்குப் போகும். பன்னிரண்டு வருடமாக அவர்தான் எங்களுக்குப் பொட்டலத்தைக் காப்பி எடுத்துத் தருகிறவர்.

"நானா?" என்றேன்.

"பின்ன? இந்தத் தெருவுல முப்பது வயசுக்குள்ள வேற யாரு மிச்சம் இருக்கா, சொல்லு பார்ப்போம்."

விரல் விட்டு எண்ணப் பார்த்தேன். ஒரு விரல்கூட மடங்கவில்லை.

"ஒரே ஒரு விஷயம், பொண்ணே. சனிக்கிழமை பதினோரு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல இருக்கணும். அந்த ஹவானாக்காரன் ஆறு பேட்டைக்கு ஆறு டிஸ்க்தான் வாங்குவான். அறுநூறு ஜி.பி. காலியா இருக்கணும். இல்லேன்னா டிஸ்கத் திருப்பிக் குடுத்துட்டு அந்த எடத்த வேற பேட்டைக்குத் தள்ளிவிட்ருவான். கெஞ்சினாலும் கேக்க மாட்டான், நான் கெஞ்சிப் பார்த்திருக்கேன். என் டிஸ்க் டிக்கெட்டுக்காக வித்தாச்சு. உங்கிட்டதான் அந்த மாடு இருக்குல்ல?"

"இருக்கு."

"காலி பண்ணு."

போகும்போது ஜன்னலை அவரே திறந்துவிட்டுப் போனார். ரொம்ப ஒழுங்கான மனுஷர்.

அன்று சாயங்காலம் முழுக்க முன்னறையில் நாற்காலிகளை இழுத்து இழுத்துப் போட்டேன். இங்கே கம்ப்யூட்டர். அங்கே காத்திருப்பவர்களுக்கு நாலு நாற்காலி. வில்ஃப்ரே வீட்டுச் சனிக்கிழமைகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கொரியா சீரியலுக்கு ஒரு கட்சி, துருக்கி சீரியலுக்கு ஒரு கட்சி, நடுவில் காப்பி, எவனோ ஒருவன் புட்பால் ஸ்கோரை முன்கூட்டியே சொல்லிவிட்டு அடி வாங்குவான். அந்தச் சத்தம் இனி என் வீட்டில்! அம்மா கடற்கரை ஹோட்டலில் வேலை பார்க்கிறாள், மாதத்துக்கு இரண்டு நாள் வருவாள். மற்ற நாளெல்லாம் இந்த வீட்டில் குரல் கொடுப்பது பிரிட்ஜ் ஒன்றுதான், அதுவும் கரண்ட் இருந்தால். நான் பாட்டுக்குத் தனியாகப் பேசிக்கொண்டே சமைப்பேன். சில நாள் பதிலும் சொல்லிக்கொள்வேன். அதனால் பொட்டலம் எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்துகொள்ளுங்கள். சனிக்கிழமை வந்தால் ஆட்கள் வருவார்கள். கதவைத் தட்டுவார்கள். அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

இடைஞ்சல் மாடுதான்.

மாடு என்பது ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். ஆறு வருடத்துக்கு முன் நாங்கள் நாலு பேர் கூட்டுச் சேர்ந்து வாங்கியது. நான், ஓஸ்மெல், லிஸ்பெத், எடெல். ஆளுக்கு முறை வைத்துக் கறந்ததால் மாடு என்று பெயர் வைத்தது ஓஸ்மெல். திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று ஒரு காலுறைக்குள் அதைப் போட்டுக் கைமாற்றிக்கொண்டே இருப்போம். ஆளுக்கு ஒரு ஃபோல்டர். ஒரே ஒரு சட்டம்: அடுத்தவர் ஃபோல்டரில் கை வைக்கக் கூடாது. இடம் போதவில்லை என்றால் கேட்டுத்தான் அழிக்க வேண்டும். எங்கள் நாட்டில் அனுமதியில்லாமல் பசுவை அறுத்தால் ஜெயில்; அதைப் போலக் கேட்காமல் அழித்தவரையும் உள்ளே தள்ளலாம் என்று லிஸ்பெத் ஒரு தாளில் எழுதி நாலு பேரிடமும் கையெழுத்து வாங்கினாள்.

இப்போது ஓஸ்மெல் கடல் தாண்டி மான்டெவிடியோவில். லிஸ்பெத்தும் அப்படித்தான், டாம்பாவில். எடெல் என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி.

எடெலோடு நான் பேசி இரண்டு வருடம் ஆகிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தெரு முழுக்க "வந்துருச்சு!" என்று கத்தியது. கரண்ட். எங்கள் ப்ளாக்குக்குப் பத்திலிருந்து இரண்டு வரை. காப்பிக் கூஜாவை அடுப்பில் ஏற்றி, மாட்டைக் கம்ப்யூட்டரில் செருகி, ஒரு தாளில் கணக்கெழுதினேன். மொத்தம் 931. காலி 11. ஓஸ்மெல் 180. லிஸ்பெத் 212. எடெல் 166. நான் 52.

சட்டம் சட்டம்தானே. ஓஸ்மெலுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "மச்சி, மாட்ட காலி பண்ணணும். ஒன்னோடத அழிக்கலாமா? நல்லா யோசிச்சுச் சொல்லு, அவசரமே இல்ல, மத்தியானம் வரைக்கும் டயம் இருக்கு." உண்மையில் எனக்கு என்ன ஆசை என்றால், "அய்யய்யோ, அத மட்டும் தொடாத" என்று அவன் பதற வேண்டும். எந்தெந்தப் படம் என்று பேசலாம். சண்டை போடலாம். அரை மணி நேரம் ஓடும்.

நாற்பது நொடியில் பதில் வந்தது. பின்னால் ஸ்கூட்டர் சத்தம், அவன் சாப்பாடு டெலிவரி பண்ணிக்கொண்டிருந்தான்.

"மாடா? அது இன்னும் உசிரோட இருக்கா? அழி மச்சி, எல்லாத்தையும் அழி. இங்க எல்லாம் போன்லயே வருது. இரு, பெல் அடிக்கறேன்... சார், ரெண்டு பீட்சா!"

அந்த பீட்சாக்கார வீட்டுக் கதவு திறக்கிற சத்தத்தோடு மெசேஜ் முடிந்தது.

லிஸ்பெத்துக்கு எழுதினேன். அவள், "என்னோடதுல என்னடி இருக்கு?" என்று கேட்டாள். எனக்கு ஒரே உற்சாகம். கேட்கிறாளே! மடமடவென்று அடித்தேன். அவள் எடுத்த கல்யாண வீடியோக்களை யார் யாருக்கோ கொடுத்தாகிவிட்டது, அது போக இருப்பதெல்லாம் சீரியல். முக்கியமாக அந்தத் துருக்கி சீரியல், தொண்ணூறு எபிசோட். "நாப்பத்தேழுல நிறுத்தினோம்டி, ஞாபகம் இருக்கா? அந்த டாக்டர் மயங்கி விழுந்தானே! தனியா யாரும் பாக்கக் கூடாதுன்னு சத்தியம் பண்ணோமே. நான் நாப்பத்தெட்டத் தொடவே இல்ல."

அவள் டைப் அடிக்கிறாள் என்று மூன்று புள்ளி ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது.

"அய்யோ செல்லம், அத நான் வந்த புதுசுலயே ரெண்டே நாள்ல பார்த்து முடிச்சுட்டேன். டாக்டர் செத்துருவான். அழி அழி. வேலைல இருக்கேன், ஞாயித்துக்கிழமை பேசறேன்." கீழே ஒரு முத்தப் பொம்மை.

மூன்று வருடமாக அந்த டாக்டரை நான் சாகவும் விடாமல் பிழைக்கவும் விடாமல் டிஸ்க்கிலேயே படுக்கவைத்திருந்தேன்.  காப்பி பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

சரி, கணக்கு. காலியாக இருக்கும் 11, ஓஸ்மெல் 180, லிஸ்பெத் 212. மொத்தம் 403. என்னுடையதையும் துடைத்துவிட்டால் 455. அறுநூறு வேண்டும். எடெலின் 166 இல்லாமல் நடக்காது.

இப்போது எடெல் கதை. மேலே எழுதிய நாலு ஃபோல்டரையும் கூட்டிப் பாருங்கள். 610 வரும். காலி 11. மொத்தம் 621. டிஸ்க்கோ 931. மீதி 310 எங்கே? இது எங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்த தொல்லை. மாட்டில் எப்போதும் கொஞ்சம் இடம் காணாமல் போகும். முதல் வருடம் நாற்பது, அடுத்த வருடம் நூறு, அப்புறம் இன்னும் மேலே. "யாரோ ஒளிச்சு வெக்கறீங்கடா" என்று ஒருவரையொருவர் கிண்டல் பண்ணுவோம். ஓஸ்மெலும் லிஸ்பெத்தும் போன பிறகு நானும் எடெலும் மட்டும் மிஞ்சினோம். கிண்டலைப் பங்கு போட ஆள் இல்லை. இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது "யாரோ" என்றால் அது நீ என்று ஆகிவிடும்.

அப்போது நான் ஒரு பொம்மைப்படம் செய்துகொண்டிருந்தேன். ஏழு நிமிடம். எட்டு மாத வேலை. ஒரு போட்டிக்கு அனுப்ப, கடைசி நாள், கடைசி மூன்று மணி நேரக் கரண்டில் அதை மாட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது பாதியில் இடம் தீர்ந்தது. படம் உடைந்துபோனது. நான் நேராக ரொட்டி வரிசைக்குப் போனேன். எடெல் அவன் அப்பாவோடு நின்றுகொண்டிருந்தான். தெருவே கேட்கிற மாதிரி, "முந்நூறு ஜி.பி.ய எங்கடா ஒளிச்சு வெச்சிருக்க, திருடா!" என்று கத்தினேன். அவன் "சத்தியமா நான் இல்ல மைலேன்" என்றான். நான் மறுபடியும் அந்த வார்த்தையைச் சொல்லி, கொண்டுபோயிருந்த மாட்டை அவன் கையில் திணித்தேன். அவன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் காலை மாடு காலுறையோடு என் வாசல் சுவரில் இருந்தது.

அதற்குப் பிறகு அவன் தெரு வழியாக நான் போனதில்லை. ஆஸ்பத்திரியைச் சுற்றிக்கொண்டு போவேன்.

இப்போது அந்த 166ஐக் கேட்காமல் அழிக்கலாம். யார் கேட்பார்கள்? திருடன் சொத்துதானே. ஆனால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் கையெழுத்தும் காரணமில்லை. கேட்க வேண்டும் என்ற சாக்கில் அவன் வீட்டுக்குப் போகலாம். இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் சாக்கு இது. முடி வாரினேன். சட்டையை மாற்றினேன். "எடெல், ஒரு விஷயம் கேக்கணும்" என்று பிரிட்ஜிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

அவன் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன சொல்வது? "நீ ஒளித்து வைத்த 310ஐயாவது கொடு" என்று கேட்கலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். போன வாரப் பொட்டலத்தில் ஒரு சின்ன புரோகிராம் வந்திருந்தது, டிஸ்க்கில் எது எவ்வளவு இடம் தின்கிறது என்று கலர் கலராகச் சதுரம் போட்டுக் காட்டும், மறைத்து வைத்ததையும் சேர்த்துக் காட்டும். அதை ஓடவிட்டேன். பச்சைச் சதுரம் லிஸ்பெத். நீலம் ஓஸ்மெல். சிவப்பு எடெல். மூலையில் மஞ்சளாக நான். நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக, ஒரு சாம்பல் நிறச் சதுரம்.

அமுக்கினேன். குப்பைத் தொட்டி.

என் கம்ப்யூட்டரில் குப்பைத் தொட்டி காலி என்றுதான் எப்போதும் காட்டும். ஆனால் இதற்குள் நாலு தொட்டி இருந்தது, ஒவ்வொன்றுக்கும் நீளமாக ஒரு நம்பர். கொஞ்சம் நோண்டியதும் புரிந்துபோனது. ஒரு கம்ப்யூட்டரில் செருகி நீங்கள் எதையாவது அழித்தால், அது உடனே போய்விடுவதில்லை. அந்தக் கம்ப்யூட்டருக்கென்று டிஸ்க்குக்குள்ளேயே ஒரு மறைவான தொட்டி, அதில் போய் விழும். அந்தக் கம்ப்யூட்டர்காரர் கொட்டினால்தான் உண்டு. அடுத்த வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகினால் அந்தத் தொட்டி கண்ணுக்கே தெரியாது. நாங்கள் நாலு பேரும் நாலு வீட்டில், நாலு வருடம், "பார்த்தாச்சு, அழிச்சாச்சு" என்று அழித்து அழித்து, தொட்டியைக் கொட்டாமலே காலுறையில் போட்டுக் கைமாற்றியிருக்கிறோம். ஒரு வீட்டில் ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கூத்து நடக்கவே நடக்காது.

யார் யாருடைய குப்பை என்று திறந்து பார்த்தேன். 71, பூரா ஓஸ்மெலின் குத்துச்சண்டை. 58, லிஸ்பெத்தின் நக அலங்கார வீடியோக்கள். 38, எடெலின் மோட்டார் ரிப்பேர் பாடங்கள்.

143, ஒருவரும் பார்க்காத ஜப்பான் பொம்மைப்படங்கள். அதற்குக் கீழே என் ஏழு நிமிடப் படத்தின் பழைய முயற்சிகள், ஒன்று, இரண்டு, மூன்று, முப்பத்தொன்பது வரைக்கும்.

அந்தப் படம் செய்துகொண்டிருந்தபோதே என் கம்ப்யூட்டர் ஒரு தடவை வோல்டேஜில் கருகி, புதிதாக எல்லாவற்றையும் ஏற்றினேன். அன்றிலிருந்து அதற்கு அது வேறு கம்ப்யூட்டர். என் பழைய தொட்டி எனக்கே தெரியாமல் போய்விட்டது. என் படத்துக்கு இடமில்லாமல் செய்தது என் படமேதான்.

மணி பதினொன்றே முக்கால். கணக்கை மறுபடி போட்டேன். 403, கூட 310. எழுநூற்றுப் பதின்மூன்று. எடெலின் ஃபோல்டரைத் தொடவே வேண்டாம். அவனைக் கேட்கவும் வேண்டாம். பொட்டலம் கிடைத்துவிட்டது.

என் சாக்கு போய்விட்டது.

வாரின முடியோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். அழிக்கிற பட்டன் மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். இதைக் கொட்டிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. எடெலுக்கும் தெரியாது. திரையைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இந்தத் தடவை ஆஸ்பத்திரியைச் சுற்றவில்லை.

எடெல் அவன் வீட்டு வாசலில், ஒரு மேசை போட்டு, மின்விசிறிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்று சுவரில் சாய்ந்து சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. தலை நிமிர்ந்தான். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் அப்படியே நின்றது.

"நீயா?"

"நான்தான்."

"எப்ப வந்த?"

"இப்பதான், வீட்டுலேருந்து நேரா வரேன்."

"அது இல்ல மைலேன். ஊருக்கு எப்ப வந்த? லீவா? எவ்ளோ நாள்?"

எனக்குப் புரியவே இல்லை. "எந்த ஊரு? நான் இங்கதான்டா இருக்கேன்."

அவன் என் செருப்பைப் பார்த்தான். நம் ஊர்ச் செருப்புதான் என்று உறுதி பண்ணிக்கொள்கிற மாதிரி. "நீ போயிட்டன்னு நெனச்சேன்," என்றான். "போன வருஷம் மார்ச்சு. ஒங்க வீடு ஒரு மாசம் பூட்டியே இருந்துச்சு."

"அம்மாகூட ஹோட்டல் குவார்ட்டர்ஸ்ல இருந்தேன். அவளுக்குக் கால் ஒடஞ்சிருச்சு."

"பக்கத்து வீட்டுல கேட்டேன். தெரியலையேன்னாங்க."

"அவங்களுக்கு நெஜமாவே தெரியாதுடா!"

"எனக்கு எப்படித் தெரியும்? தெரியலையேன்னா வேற என்ன அர்த்தம் இந்த ஊர்ல?" ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்தான். "லிஸ்பெத்துக்கு எழுதிக் கேட்டேன், மைலேன் எங்க எறங்கினாள்னு. அவ பதிலே போடல. அப்புறம் ஒன் நம்பர அழிச்சுட்டேன். போனவங்க நம்பர வெச்சிருந்தா என்ன பண்றது."

ஒன்றரை வருடமாக நான் இல்லாத ஊரில் அவன் இருந்திருக்கிறான். அதே ஒன்றரை வருடம் நான் ஆஸ்பத்திரியைச் சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறேன், அவன் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று. நல்ல வேலை பார்த்தேன்.

"எங்கிட்ட கோவமா இருப்பன்னு நெனச்சேன்," என்றேன்.

"இருந்துச்சு. பெரிய கோவம். போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லாம போயிட்டாளேன்னு."

"அது இல்லடா. ரொட்டி வரிசைல..."

"ஓ, அது." காதைச் சொறிந்தான். "அதுவும் இருந்துச்சு. அப்பா ரொம்ப நாள் அதச் சொல்லிட்டே இருந்தாரு. அப்புறம் நீ போயிட்டன்னு ஆனதும் அது சின்னதாப் போச்சு."

போனை நீட்டினேன். சாம்பல் சதுரத்தைக் காட்டி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். தொட்டி, நம்பர், நாலு வீடு, முந்நூற்றுப் பத்து. அவன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"இதுல என்னோடது எவ்ளோ?"

"முப்பத்தெட்டு."

"ஒன்னோடது?"

"நூத்தி நாப்பத்தி மூணு."

அவன் சிரித்தான். வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, பழைய எடெல் சிரிப்பு. "அப்பா! இங்க வாங்களேன்! நாலு பேர்லயே நான்தான் சுத்தமானவனாம்!" உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. அவன் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தூங்கறாரு போல," என்றான்.

"மன்னிச்சுக்கோ எடெல்," என்றேன். இதை நான் பிரிட்ஜிடம் சொல்லிப் பார்த்திருக்கவில்லை.

"சரி விடு." ஒரு மின்விசிறியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். "எப்ப கெளம்பற?"

"வீட்டுக்கா? கரண்ட் போறதுக்குள்ள போகணும்."

"நான் கேக்கறது ஒனக்குப் புரியுது."

"எங்கயும் போகல. பொட்டலம் இனிமே எங்கிட்ட. நாளைக்கு மத்தியானத்துலேருந்து."

"அப்ப வில்ஃப்ரே?"

நான் வாயை மூடிக்கொண்டேன். மூச்சு விடாதே என்று சொல்லியிருக்கிறாரே. எடெல் என் முகத்தைப் பார்த்தான், பிறகு மடியிலிருந்த மின்விசிறியைப் பார்த்தான்.

"இது வில்ஃப்ரேயோடது," என்றான். "நேத்து கொண்டாந்து குடுத்தாரு. புதன்கிழமை வந்து வாங்கிக்கறேன்னாரு. எப்படியாவது புதன்கிழமைக்குள்ள முடிச்சுடுப்பான்னு ரெண்டு தடவ சொன்னாரு." மின்விசிறியின் இறக்கையை விரலால் ஒரு சுற்று சுற்றினான். "எந்த நாளு?"

"செவ்வாய்."

"ம்."

"நான் போகலடா. நெஜமா."

"அவரும் அப்படித்தான் கண்ணப் பார்த்துச் சொன்னாரு. போறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நான் தப்புச் சொல்லல மைலேன், சொல்லாம போறதுதான் வழக்கம். நானா இருந்தாலும் சொல்ல மாட்டேன்."

என்ன சொன்னாலும் அவன் நம்பப்போவதில்லை என்று தெரிந்தது. இருக்கிறேன் என்பதற்கு என்ன ஆதாரம் காட்டுவது? போவதற்கு டிக்கெட் இருக்கிறது. இருப்பதற்கு ஒன்றும் தருவதில்லை.

"ஒன் ஃபோல்டர் நூத்தி அறுவத்தாறு இருக்கு," என்றேன். "அழிக்க வேண்டியதில்ல. இருந்தாலும் கேக்கறேன்."

"எங்கிட்ட இப்ப கம்ப்யூட்டரே இல்ல. போன வோல்டேஜுல போச்சு." யோசித்தான். "அதுல என்ன இருக்குன்னுகூட ஞாபகம் இல்ல. அழிக்காத. வெச்சிரு. நீ போறப்ப எங்கிட்ட குடுத்துட்டுப் போ. வாசல்ல வெச்சுட்டுப் போனாலும் போதும்."

காப்பி குடிக்கிறாயா என்று அவன் கேட்கவில்லை. நானும் உட்காரவில்லை.

ஒன்றேகால் மணிக்கு வீட்டில் இருந்தேன். முதலில் ஓஸ்மெல். பிறகு லிஸ்பெத், டாக்டரோடு சேர்த்து. பிறகு நாலு தொட்டிகளும். என் 143ஐக் கடைசியாகக் கொட்டினேன். முப்பத்தொன்பது முயற்சியில் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. பார்த்தால் உட்கார்ந்துவிடுவேன். கோடு நகர்ந்து நகர்ந்து முடிந்தது. காலி: 713. அவ்வளவு பெரிய வெள்ளையை அந்த டிஸ்க்கில் நான் பார்த்ததே இல்லை. மூலையில் இரண்டு ஃபோல்டர் மட்டும், ஒன்று என்னுடையது, ஒன்று எடெலுடையது. ஒன்று ஐம்பதுக்கெல்லாம் கரண்ட் போய்விட்டது.

சனிக்கிழமை ஹவானாக்காரன் மாட்டைச் செருகிப் பார்த்தான். "பரவால்லயே, நீ புதுசா? எத்தன மாசத்துக்கு?" என்று கேட்டான். முகத்தில் கிண்டல் எதுவும் இல்லை, படிவம் நிரப்புகிறவன் மாதிரி கேட்டான். "தொடர்ந்து," என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே பொட்டலத்தை அதில் ஏற்றினான்.

நாலு மணிக்குக் கதவைத் திறந்து வைத்தேன். அட்டையில் "பொட்டலம் இங்கே" என்று எழுதி மாட்டினேன். வில்ஃப்ரேயிடம் ஒரு காலத்தில் அறுபது பேர் வந்தார்கள். எனக்குப் பதினொரு பேர் வந்தார்கள். நாற்காலிகளில் உட்காரச் சொன்னேன். அவர்கள் நின்றுகொண்டே வாங்கிக்கொண்டு போனார்கள், எல்லோருக்கும் கரண்ட் போவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வாஷிங் மெஷின் விளம்பரம் கேட்டு வந்த தெல்ஃபினா அம்மாள் மட்டும் கொஞ்சம் உட்கார்ந்தாள். அவளும் வாங்குவதற்கு வரவில்லை, தன் மெஷினை விற்பதற்கு.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அவளுக்கு விளம்பரங்களைக் காப்பி எடுத்துக்கொண்டிருக்கும்போது தெருவில் எடெலின் ஸ்கூட்டர் வந்தது. நிறுத்தவில்லை. வேகத்தை மட்டும் குறைத்தான். திறந்த கதவையும் அட்டையையும் என்னையும் பார்த்தான்.

"இன்னும் போகலையா?" என்று கத்தினான்.

"போகல!" என்று நானும் கத்தினேன்.

கையைத் தூக்கினான். முனையில் திரும்பிவிட்டான்.

"யாரும்மா அது?" என்றாள் தெல்ஃபினா அம்மாள்.

"நாலு தெரு தள்ளி இருக்கான்," என்றேன். எழுந்துபோய் வாசலில் நின்றேன். அடுத்தவர் யாராவது வருகிறார்களா என்று பார்க்கிற மாதிரி.